கைக்கருவியும் காணி எல்லையும்: கல்முனைக் கரையோரத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கரைகளில் மோதியபோது வீடுகளோடு வேலிகளும் கிணறுகளும் எல்லை மரங்களும் அழிந்தன. பெட்டியிலே பேணிய உறுதிகளும் போயின. பழைய உறுதிகள் பலவற்றில் எல்லை அளவினால் அன்றி அயலாரினால் குறிக்கப்படுகின்றது: வடக்கே இன்னாரின் வளவு, கிழக்கே ஒழுங்கை, தெற்கே இன்னாரின் பங்கு. அயலாரும் மாண்டு ஒழுங்கையும் மணலுள் மறைந்த பின்னர், பதிவகத்திலிருந்து உறுதியின் பிரதியைப் பெற்றாலும் அது சுட்டும் நிலம் எது என்ற வினா எஞ்சுகின்றது. செய்மதிச் சமிக்ஞையைப் பெறும் ஜீ.பி.எஸ். கைக்கருவியும் கணினியும் கொண்டு காணிக்காரர் தாமே படம் வரையலாம் என்ற எண்ணம் இத்தகைய சூழலில் கவர்ச்சி பெறுவது இயல்பே. அப்படம் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை நாம் இங்கு நோக்குவோம்.

செய்முறை கடினமானதன்று. காணியின் ஒவ்வொரு மூலையிலும் சில நிமிடம் நின்று ஆள்கூற்றைப் பதிந்து, அப்பதிவுகளை கியூ.ஜி.ஐ.எஸ். போன்ற இலவசப் புவியியல் தகவல் மென்பொருளில் இட்டு, புள்ளிகளை இணைத்தால் பரப்பளவு தானே கிடைக்கும். 2000 மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சமிக்ஞையை வேண்டுமென்றே குழப்பி வந்தமையால் பிழை 100 மீற்றர் வரை செல்லக்கூடியதாயிருந்தது. இன்று திறந்த வானின் கீழ் சாதாரண கைக்கருவி ஏறத்தாழ 3 முதல் 5 மீற்றருக்குள் இடத்தைக் காட்டும். தென்னஞ்சோலையின் கீழும் நெருங்கிய மதில்களுக்கிடையிலும் பிழை கூடும்.

இடர் வேறோரிடத்தில் உள்ளது. கருவி உலகப் பொது அடிப்படையிலே ஆள்கூறு தருகின்றது. எமது நில அளவைத் திணைக்களத்தின் படங்களோ பிதுருதலாகலையை மையமாகக் கொண்ட தனி வலையமைப்பில் அமைந்தவை. பழைய வலையமைப்பில் அம்மையத்தின் ஆள்கூறு 200,000, 200,000 மீற்றர். 1999ஆம் ஆண்டின் புதிய முறையில் 500,000, 500,000. ஒன்றை மற்றொன்றாக மென்பொருளுக்குச் சொல்லிவிட்டால் கல்முனைக் காணி காலிக்குத் தென்மேற்கே ஆழ்கடலில் போய்க் கிடக்கும். அப்பிழையைக் கண்டு நகைத்துத் திருத்திவிடலாம். அளவை அடிப்படையின் வேறுபாட்டைக் கவனியாது விடும்போது நேரும் நூறு மீற்றருக்கு மேற்பட்ட நகர்வே ஆபத்தானது. படம் நம்பத்தக்கதாகவே தோன்றும். காணி மட்டும் அடுத்தவன் நிலத்தின்மேல் இருக்கும்.

இனி, அளவின் பிரச்சினை. கரையோர முஸ்லிம் ஊர்களில் மகளுக்கு வீடும் வளவும் கொடுத்து மணமுடித்து வைப்பது வழக்கம். மருமகன் பெண் வீட்டுக்கு வருகின்றான். தகப்பனின் வளவு பெண்மக்களுக்கிடையே பங்காகின்றது. கடலுக்கும் மேற்கே வயல்வெளிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றரையிலே தலைமுறைதோறும் இவ்வாறு பிரிந்ததால் இன்று 10 பேர்ச் வளவும் அரிதன்று. அது 253 சதுர மீற்றர். சதுரமாயின் பக்கம் 16 மீற்றர் அளவே. ஒவ்வொரு மூலையிலும் இரு திசைக்கும் 3 மீற்றர் பிழை தனித்தனியே நேரும் எனக் கொண்டு கணித்தால், பரப்பளவிலே காற்பங்குக்குச் சற்று மேலான பிழை எதிர்பார்க்கத்தக்கது. ஐந்து ஏக்கர் வயலுக்கோ அதே கணக்கு நூற்றுக்கு மூன்று என்றே வருகின்றது. உண்மையில் அடுத்தடுத்து எடுத்த பதிவுகள் ஒரே பக்கம் சாய்வதுண்டாகையால் பரப்பளவு இதனினும் சற்றுச் செம்மையாக அமையலாம். ஆயினும் இரு சகோதரிகளுக்கிடையிலான மதில் எங்கு எழவேண்டும் என்பதை இக்கருவியால் தீர்க்க இயலாது. அதனை நம்பி மதில் கட்டுவோர் வழக்கைக் கட்டுகின்றார்கள்.

வயற்காணியின் நிலை வேறு. போர்க்காலத்தில் மேற்குப் புறத்து வயல்களுக்குப் போகமுடியாதிருந்தோர் பலர். திரும்பிச் சென்றபோது வரம்புகள் பற்றைக்குள் மறைந்திருந்தன. வன எல்லை, மேய்ச்சல் எல்லை என்ற பெயரால் புதிய கோடுகளும் தோன்றியிருந்தன. இலங்கையில் படம் வரையும் அதிகாரம் 1800ஆம் ஆண்டு நில அளவைத் திணைக்களம் தோன்றிய நாள் தொட்டு அரசின் கையிலேயே இருந்து வந்துள்ளது; 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்திலும் கோடு கீறியவன் வேறு, அதற்குள் உழுதவன் வேறு. தன் வரவையின் மூலைகளைத் தானே பதிந்து, அரச படத்தை அதன்மேல் பொருத்திப் பார்த்து, இக்கோடு என் வயலை எங்கே வெட்டுகின்றது என்று விவசாயி கேட்பதற்கு 3 மீற்றர்ப் பிழை தடையன்று. இவ்விடத்திலேயே கைக்கருவியின் சமூகப் பயன் உள்ளது என்பது எமது கருத்து.

சட்டத்தின் முன் அது அளவைப் படமாகாது. 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டம் காணி அளத்தலைத் தகுதிபெற்ற அளவையாளருக்கே உரியதாக்குகின்றது. 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின்படியும் திணைக்களத்தின் படமே காணித் துண்டை அடையாளப்படுத்தும். எனவே, விசாரணைக்கு எடுத்துச் செல்லும் படத்தின் மூலையில் பதிந்த நாள், கருவி, வலையமைப்பு, எதிர்பார்க்கும் பிழை, உறுதியின் இலக்கம் ஆகியன எழுதப்படல் வேண்டும். பதியும் நாளில் அயல் வயற்காரரையும் அந்த வட்டையை நன்கறிந்த முதிய வட்டவிதானையையும் வரம்பிலே கூட நடத்தி, பிரதியிலே ஒப்பமும் வாங்கிக்கொள்வது நன்று.