ஒளியேற்பு (ஒளிப்படவியல்)

ஒளியேற்பு என்பது ஒளிப்படம் எடுக்கும்போது படச்சுருளின் அல்லது எண்ணிம உணரியின் மீது விழும் ஒளியின் அளவு ஆகும். ஒளிப்படக் கலைஞர்கள் இதனைப் பெரும்பாலும் எக்ஸ்போஷர் என்றே வழங்குவர்.

அடிப்படை அமைப்புகள்

அபெர்ச்சர்: வில்லையினுள் ஒளி புகும் துளை. வில்லையின் குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுக்கக் கிடைப்பது எஃப்-எண் ஆகும். 50 மி.மீ. வில்லையில் துளையின் விட்டம் 25 மி.மீ. எனில் எஃப்-எண் 2. இவ்வெண் கூடினால் துளை சுருங்கும், ஒளி குறையும், முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் ஆழம் கூடும்.

ஷட்டர் வேகம்: ஒளி விழும் நேரம். 1/500 நொடி ஓட்டத்தை உறையச் செய்யும். 1/15 நொடியில் அசைவு கலங்கலாகப் பதியும்.

ஐ.எஸ்.ஓ.: படச்சுருளின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் எண். எண்ணிமக் கருவியில் இதனை உயர்த்தினால் படம் வெளிச்சமாகும். குறைந்த ஒளியில் உயர்த்தி எடுக்கும் படங்களில் புள்ளிகள் மிகும்.

முழு வெயிலில் எஃப்/16, ஐ.எஸ்.ஓ. 100, 1/100 நொடி என்பது பழைய விதி. எஃப்/8, 1/400 நொடி என்று மாற்றினாலும் ஒளியேற்பு மாறாது.

கரிசல் நிலத்தில் ஒளி அளவீடு

கருவியிலுள்ள ஒளிமானி, பொருளிலிருந்து திரும்பி வரும் ஒளியையே அளக்கிறது. எதிரே இருப்பது மண்ணா பஞ்சா என்பதை அது அறியாது. எதையும் இடைநிலைச் சாம்பல் எனக் கொண்டே கணக்கிடும். தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காடுகளில் இதன் விளைவைத் தெளிவாகக் காணலாம். மழையில் நனைந்த கரிசல் மண் படத்தை நிறைத்தால், ஒளிமானி தேவைக்கு மேல் ஒளியை ஏற்கும். கருமண் சாம்பலாக வெளிறும். வெடித்த பருத்தி நிறைந்தால் வெண்பஞ்சு மங்கிச் சாம்பலாகும். இவற்றைத் திருத்த, ஒளியேற்பு ஈடுசெய்தலை மண்ணுக்கு ஏறத்தாழ −1, பஞ்சுக்கு +1 என அமைக்கலாம். தற்காலக் கருவிகளின் பலபகுதி அளவீடு இப்பிழையைக் குறைக்கும்; முற்றிலும் நீக்காது.

மனித முகங்களில் இப்பிழை பெரிதாகத் தெரியும். பருத்தி எடுப்பவர் வெளிறிய வானத்தின் முன் நின்றால், ஒளிமானி வானத்திற்கு ஏற்பக் கணக்கிடும். முக்காட்டின் நிழலிலுள்ள முகம் கண்களும் தெரியாதபடி இருண்டுவிடும். அம்முகத்தில் விழும் அதே ஒளியில் 18 விழுக்காடு சாம்பல் அட்டையைப் பிடித்து அளந்தால், தோலின் நிறம் உள்ளவாறே பதியும். வானம் வெளுத்துப் போகலாம். எது பதிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் படம் எடுப்பவரே.