நனையாத உடையும் இரண்டு கைகளும்

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்துக்கு அருகே 1782இல் மூழ்கிய ‘ராயல் ஜார்ஜ்’ போர்க்கப்பலின் சிதைவை அகற்றும் வேலை 1839இல் தொடங்கியது. அதை நடத்திய கர்னல் பாஸ்லியின் ஆட்கள் அகஸ்டஸ் சீபே செய்த உடையை அணிந்து இறங்கினார்கள். ரப்பர் பூசிய கித்தான் உடை, அதோடு நீர் புகாமல் பூட்டிய உலோகத் தலைக்கவசம். நனையாமல் முக்குளிக்க முறையாகப் பயிற்சி தரும் வழக்கம் அந்தச் சிதைவின் மேல்தான் வேர்விட்டது.

அன்றைய மாணவன் தனியாள் அல்ல. அவனுக்கு உடுத்திவிடவே ஆட்கள் வேண்டும். ஈயக் கட்டிகள், கனத்த பூட்ஸ் எல்லாம் சேர்ந்தால் எடை 80 கிலோவை நெருங்கும். படகில் இருப்பவர்கள் கைப்பம்பை அடிக்க, குழாய் வழியே காற்று வரும். கயிற்றை இழுத்துச் சேதி சொல்லும் முறையை அவன் மனப்பாடம் செய்ய வேண்டும். வெளியேறும் காற்றுக்கான வால்வு மட்டும் அவன் பொறுப்பு. காற்று குறைந்தால் உடை உடம்பை நெரிக்கும். மிஞ்சினால் உப்பிப்போய் ஆளையே மேலே தூக்கியடிக்கும்.

1960களில் ஸ்வீடனின் பொசைடன் நிறுவனம் ‘யூனிசூட்’ என்ற முக்குளிப்பு உடையைக் கொண்டுவந்தது. நீர் புகாத ஜிப், முதுகுச் சிலிண்டரிலிருந்து உடைக்குள் காற்றுவிடும் வால்வு. பம்பு அடிப்பவருக்கும் கயிறு பிடிப்பவருக்கும் அதில் இடமில்லை. அவர்கள் பார்த்த வேலை முக்குளிப்பவரின் கைகளுக்கே வந்துசேர்ந்தது.

இன்று லெஸ்டர்ஷயரில் ‘ஸ்டோனி கோவ்’ என்ற, நீர் நிறைந்த பழைய கல்குவாரியில், விடுமுறை நாள்களில் இத்தகைய நனையாத உடையை, அதாவது டிரை சூட்டை, அணிந்து பழகுகிறார்கள். கடுங்குளிர்காலத்தில் அங்கே தண்ணீர் 5 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகத் தண்ணீர் உடல்சூட்டை இழுத்துக்கொள்ளும். அதைத் தடுப்பது உள்ளாடையில் தங்கிய காற்றுதான். பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பாகி அந்தக் காற்று பாதியாகச் சுருங்கும். வலக்கையால் மார்பிலுள்ள பொத்தானை அழுத்திக் கொஞ்சம் காற்றை உள்ளே விட வேண்டும். ஏறும்போது அது விரியும். இடது கையை உயர்த்தினால் தோள்பக்க வால்வு வழியே வெளியேறும். மறந்தால் காற்று கால்களுக்கு ஓடி ஆளைத் தலைகீழாக்கிவிடும். முழங்காலை மடக்கி, சுருண்டு, உருண்டு நிமிர்வதுதான் முதல் பாடம். சீபே காலத்து ஆபத்து சிறியதாகி இன்னும் உடைக்குள்ளேயே இருக்கிறது.

கரையிலும் பாடம் உண்டு. மணிக்கட்டு ரப்பருக்கு டால்கம் பவுடர், பித்தளை ஜிப்புக்கு மெழுகு. கழுத்துப் பட்டைக்கு அடியில் நாலைந்து முடி சிக்கினாலே போதும், குளிர்நீர் முதுகில் வழியும்.

பாஸ்லியின் ஆட்களை மூட்டுவலி விடாமல் வாட்டியது. அழுத்தம் செய்த வேலை அது என்று அன்று புரியவில்லை. இன்று மணிக்கட்டுக் கணினி, எவ்வளவு நிதானமாக ஏற வேண்டும் என்று சொல்கிறது. ஆனால் அந்த நிதானத்தைக் காப்பது அதே இரண்டு கைகள்தான். சான்றிதழுக்கு ஒரு வார இறுதி போதும். படகு நிறைய ஆட்கள் பகிர்ந்து செய்த வேலையை யோசிக்காமல் செய்ய அந்தக் கைகள் பழகுவதற்கு ஒரு குளிர்காலமாவது வேண்டும்.