பூவிருந்தவல்லிக்குப் பழக்கமான கேள்வி

மனிதன் கரையேறுவது கடவுள் அவனைத் தெரிந்துகொண்டதாலா, அவனே விரும்பி வந்ததாலா? ஜே. வெர்னன் மெகீ என்ற அமெரிக்கப் போதகர் இதை வானொலியிலேயே விளக்கினார். பைபிள் முழுவதையும் படித்து முடிக்கும் அவருடைய தொடர் 1967-இல் தொடங்கியது. 1988-இல் அவர் மறைந்த பிறகும் தமிழ் உட்படப் பல மொழிகளில் அது ஒலிக்கிறது. பைபிளில் உள்ள ரோமர் நிருபத்தின் 9-ஆம் அதிகாரம் தேவனின் தெரிவைச் சொல்கிறது. 10-ஆம் அதிகாரமோ, கூப்பிடுகிற எவருக்கும் இரட்சிப்பு உண்டு என்கிறது. இரண்டுமே உண்மை, ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளக்கூடாது என்பதே மெகீயின் நிலை.

ஆவடிக்குப் பக்கத்தில், நம் பூவிருந்தவல்லிக்கும் இந்தக் கேள்வி பழக்கமானதுதான். 11-ஆம் நூற்றாண்டில் அங்கே பிறந்த திருக்கச்சி நம்பி, காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசியவர். ராமானுஜரின் ஐயங்களுக்கு இவர் மூலமாகப் பெருமாள் 6 வார்த்தைகளில் விடை தந்தார் என்பது வைணவ மரபு. சரணாகதியே வழி, சரணடைந்தவர் கடைசி மூச்சில் பெருமாளை நினைக்க முடியாமல் போனாலும் குறையில்லை என்பதும் அவற்றில் அடக்கம். நினைவு தப்பிக் கிடக்கும் பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

மனித முயற்சியும் வேண்டுமா, அருள் மட்டுமே போதுமா என்பதில் பிற்காலத்தில் வைணவர்களே இரண்டுபட்டார்கள். தாயை இறுகப் பற்றும் குரங்குக்குட்டியைக் காட்டியது வடகலை. தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைக் காட்டியது தென்கலை. அந்த 6 வார்த்தைகளைக் கொண்டுவந்த நம்பிக்குப் பூவிருந்தவல்லி வரதராஜப் பெருமாள் கோயிலில் சன்னதி உண்டு. மாசி மிருகசீரிடம் அவருடைய திருநட்சத்திரம்.