ஊசிமுனையில் தாய்மொழி

புலம்பெயர்ந்த எம்மவர் இல்லங்கள் சிலவற்றில் தையற்பொறியருகே கணினியும் இடம்பிடித்துவிட்டது. தமிழ்ப் பாடசாலையொன்றின் விளையாட்டுப் போட்டிக்கு, அதன் சின்னத்தையும் பெயரையும் மேலங்கிகளிலே பூவேலையாகப் பொறித்துத் தரும் பணியை ஏற்றபோது நாம் பாடமொன்றைக் கற்றோம்.

கையிலிருந்த சின்னத்தின் டி.எஸ்.ரி. கோப்பினை ஒன்றரை மடங்கு பெருப்பித்தோம். உருவம் பெருத்தது; தையல்களின் எண்ணிக்கை பெருகவில்லை. 0.4 மி.மீ. ஆக இருந்த நூல் வரிசைகளின் இடைவெளி 0.6 மி.மீ. ஆகியது; இடையே துணி பல்லிளித்தது. காரணம் எளிது. அக்கோப்பு வடிவத்தை அறியாது. ஊசி எங்கே இறங்கவேண்டும் என்பதை 0.1 மி.மீ. அலகில் அறியும், அவ்வளவே. ஆதலால் அளவு மாற்றத்தை மூல வடிவக் கோப்பிலே செய்து, மென்பொருளைக் கொண்டு தையல்களை மீளக் கணித்தல் வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ‘இங்க்ஸ்டிச்’ மென்பொருளிலும் இது இயலும்.

பெயரைப் பொறிக்கையில் வேறொரு கவனம் தேவைப்பட்டது. இறுகும் நூல் துணியை இழுப்பதால் சிறிய எழுத்துகளின் சுழிகள் அடைபடுகின்றன. ஒரு சுழி மறைந்தால் ‘ண’கரம் ‘ன’கரமாகிவிடும்! எனவே சுழிகளைச் சற்று அகலத் திறந்து, முதலில் அடித்தையல் இட்டு, அதேவகைத் துணித்துண்டொன்றில் தைத்துப் பார்த்தோம். அதன் பின்னரே மேலங்கியைச் சட்டத்தில் பூட்டினோம்.

அந்நிய மண்ணில் எம் பிள்ளைகள் எழுத்தைப் புத்தகத்தில் மட்டுமன்றி, முன்னே ஓடும் தோழனின் முதுகிலும் படிக்கின்றனர். அங்கே பிழை இருத்தலாகாது.