அத்தானின் பட்டறை மேசை

பிறையில் உள்ள ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷின் ஓட்டியே எனக்குப் பதினெட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. பித்தளையைப் பார்த்தால் கை பரபரக்கும். ஆனால், கடந்த ஆண்டு அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனபோது, அங்கே கார் கொட்டகையில் பார்த்த பித்தளையைத் தொடவே பயமாக இருந்தது. ஒரு வாளி நிறைய, சுட்டு முடித்த தோட்டாக்களின் வெற்றுக் கூடுகள்!

"பயப்படாதே மச்சான், எல்லாம் காலி" என்று சிரித்தார் அத்தான்.

நம் நாட்டில் உரிமம் இல்லாமல் ஒரு தோட்டா கையில் இருந்தாலே 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பாயும். அங்கே நிலைமை வேறு. குறி பார்த்துச் சுடுவது அத்தானுக்கு வார இறுதிப் பொழுதுபோக்கு. சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டிலேயே தோட்டாக்களை மறுபடி நிரப்பிக்கொள்ள அங்கே கூட்டரசு உரிமம் தேவையில்லை. விற்றால்தான் உரிமம் வேண்டும்.

அத்தானுக்கு இருந்த பிரச்சினை மணிக்கட்டு வலி. 200 கூடுகளையும் கையாலேயே தயார் செய்து வந்தார். "மெஷின் வாங்கலாமா, நாமே செய்யலாமா? நீதான் சொல்லணும்" என்றார். வந்த இடத்திலும் எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

ஒரு கூட்டுக்கு இத்தனை வேலையா?

தோட்டாவின் கூடு ஏறக்குறைய 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த பித்தளை. சுடும்போது அது விரிகிறது. மறுபடி அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும்போது கழுத்துப் பக்கம் நீள்கிறது. அத்தான் பயன்படுத்தும் .308 வகைக் கூட்டின் நீளம் 51.18 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் துப்பாக்கிக்குள் கூட்டின் வாய் நெரிபட்டு, அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் காலிப்பரில் அளந்து, நீண்டதை வெட்ட வேண்டும். வெட்டிய வாயில் உள்ளேயும் வெளியேயும் பிசிறு எடுக்க வேண்டும். அடியில் பிரைமர் உட்காரும் குழியில் படிந்த கரியைச் சுரண்ட வேண்டும். கழுத்தின் உட்புறத்தைப் பிரஷ் விட்டுத் துடைக்க வேண்டும்.

இதற்கென்றே கடைகளில் மோட்டார் மேசைகள் விற்கிறார்கள். ஹார்னடி நிறுவனத்தின் மெஷினில் மூன்று முனைகள் சுழலும். லைமன் நிறுவனத்தின் மெஷினில் ஐந்து முனைகள். ஒவ்வொரு முனையிலும் ஒரு கருவியை மாட்டிவிட்டால், கூட்டைக் கையில் பிடித்து வரிசையாகக் காட்டிக்கொண்டே போகலாம். கருவியை மாற்றும் நேரம் மிச்சம்.

நான் பார்த்தது இரண்டே விஷயங்கள். முதலாவது வேகம். பிசிறு எடுக்கும் கருவி மெதுவாகத்தான் சுழல வேண்டும். வேகம் கூடினால் கண் இமைப்பதற்குள் வாய் கத்தி போல் மெலிந்துவிடும். இரண்டாவது மரை. இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை 8-32 என்ற ஒரே அளவு மரையில் வருகின்றன. ஆகவே மெஷினை ஒரு நிறுவனத்திலும் கருவியை வேறொரு நிறுவனத்திலும் வாங்கலாம்.

"மாதம் 200 கூட்டுக்கு ஐந்து முனை மெஷின் எதற்கு அத்தான்? பழைய பேட்டரி ஸ்குரூடிரைவர் ஒன்றை எடுங்கள். அதன் மோட்டார் மெதுவாகத்தான் சுற்றும். பலகையில் இறுக்கிவிட்டு, அடாப்டர் போட்டுக் கருவியை மாட்டினால் போதும்" என்றேன். அன்று மாலையே தாளில் படம் வரைந்துவிட்டோம்.

அக்கா கொண்டுவந்த தாள்

இரண்டு நாள் கழித்து அக்கா இன்னொரு தாளோடு வந்தாள். சின்னவனுக்கு இரண்டு வயது. வழக்கமான பரிசோதனையில் அவன் இரத்தத்தில் ஈயத்தின் அளவு ஒரு டெசிலிட்டருக்கு 5.2 மைக்ரோகிராம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் வைத்த எச்சரிக்கை அளவு 3.5. "வீட்டில் யாராவது துப்பாக்கி சுடுகிறார்களா?" என்பதுதான் டாக்டர் கேட்ட முதல் கேள்வியாம்.

அத்தான் பேசவில்லை. அக்காவும் சத்தம் போடவில்லை. "மேசையை என்ன வேணும்னாலும் பண்ணுங்க. ஆனா, பிள்ளை தவழ்ற தரைக்கு அந்தத் தூசி வரக் கூடாது" என்றாள்.

தோட்டாவின் பிரைமர்களில் பெரும்பாலும் ஈயச் சேர்மம் இருக்கிறது. அத்தான் சுரண்டிய அந்தக் கரியில் இருந்ததும் அதுதான். கை, சட்டை, செருப்பு வழியாக வீட்டுக்குள் வந்திருக்கிறது. வளரும் குழந்தையின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு அது.

எனக்கும் சுருக்கென்றது. வேகம், மரை என்று கணக்குப் போட்ட நான், தூசி எங்கே விழும் என்று யோசிக்கவே இல்லை. தொழிற்சாலையில் சீவல் தட்டு இல்லாமல் ஒரு நாளாவது லேத் ஓட்டியிருப்பேனா?

படத்தைக் கிழித்துவிட்டு மறுபடி வரைந்தோம். கருவிக்குக் கீழே ஆழமான தட்டு. கூடுகளை முதலில் எஃகு ஊசிகளோடு தண்ணீரில் உருட்டிக் கழுவினால் குழியில் இருக்கும் கரி ஈரத்தோடு போய்விடும். அந்தத் தண்ணீரைத் தோட்டத்தில் ஊற்றாமல் நச்சுக் கழிவாக ஒப்படைக்க வேண்டும். மேசையைப் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். செருப்பும் சட்டையும் கொட்டகையிலேயே இருக்கும். சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும். சாப்பாடு, காப்பி எதுவும் உள்ளே போகக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கதவுக்குப் பூட்டு.

மேசையைச் செய்து முடிக்க ஒரு நாள். கொட்டகையைத் துடைத்து முடிக்க மூன்று நாள்.

கிளம்பும்போது என் மகன் கைப்பேசியில், "அப்பா, சாவிக்கொத்து செய்ய ஒரு வெற்றுக் கூடு கொண்டுவாங்க" என்றான். முடியவே முடியாது என்றேன். விமான நிலையத்தில் நின்று அது காலிக் கூடுதான் என்று விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

மூன்று மாதம் கழித்து அக்கா அழைத்தாள். சின்னவனின் அளவு 2.9க்கு இறங்கியிருக்கிறது.

நம் வீடுகளில் தோட்டா இல்லைதான். ஆனால், ஈயப் பற்றவைப்பு, பழைய கார் பேட்டரி, தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டு எல்லாம் இருக்கின்றனவே. அன்று முதல் என் வேலைச் சட்டை வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை.