ஐந்து படி, முப்பத்தைந்து அடி

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் குடியிருப்பவர்களுக்கு ஏற்ற இறக்கம் பழகிய சங்கதி. சைக்கிளை எந்த இடத்தில் இறங்கி உருட்ட வேண்டும், மழை நாளில் எந்த வளைவில் பிரேக்கை நம்பக்கூடாது என்பதெல்லாம் அவர்களுடைய காலுக்கே தெரியும்.

ஆனால் இது வீடுகள் மட்டும் உள்ள மேடு அல்ல. கிழக்கு மாகாணத்தின் கந்தோர்கள் பல இங்கேயும் பக்கத்து உட்துறைமுக வீதியிலும்தான் இருக்கின்றன. பொத்துவிலிலிருந்தும் வாகரையிலிருந்தும் விடியமுன் பஸ் பிடித்து, கோப்பை மார்போடு அணைத்தபடி ஆட்கள் வருகிறார்கள். இடமாற்றம், ஓய்வூதியம், நியமனம் என்று ஆளுக்கொரு காரியம். நடந்து வருகிறவருக்கே மூச்சு வாங்குகிற மேட்டில், சக்கர நாற்காலியில் வருகிறவரின் காரியம் எந்த இடத்தில் நின்றுபோகும்?

என் பெரியம்மா மகன் ஒருவர் சண்டைக் காலத்தில் அடிபட்டவர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஒருமுறை அவருடன் ஒரு கந்தோருக்குப் போயிருந்தேன். ஓர்ஸ் ஹில்லில் அல்ல, வேறோர் ஊரில், பெயர் வேண்டாம். வாசலில் ஐந்து படி. உள்ளேயிருந்து நாலு பேர் ஓடிவந்து, நாற்காலியோடு சேர்த்து அவரைத் தூக்கினார்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் அண்ணன் முதல் வேலையாகச் சாரத்தை இழுத்துச் சரிசெய்தார். எழுதுவினைஞர் இளம் பெடியன். உண்மையான கரிசனத்தோடுதான் கேட்டான்:

“ஏன் அண்ணே மினக்கெட்டு வந்தனீங்கள்? ஆரையும் அனுப்பியிருக்கலாமே.”

“கையெழுத்து நான்தானே தம்பி வைக்கவேணும்.”

திரும்பி வரும்போது ஓட்டோவில் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “தூக்கினவங்கள் நல்ல பெடியள். அதுதான் ஒண்டும் சொல்லேலாமல் போச்சு” என்றார்.

அன்றிலிருந்து எங்கே போனாலும் படிகளை எண்ணுகிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. சக்கர நாற்காலிக்கான சாய்வுப் பாதைக்கு உலகெங்கும் சொல்லப்படும் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதாவது ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். ஏழு அங்குலப் படி ஐந்து என்றால் உயரம் 35 அங்குலம். பாதை 35 அடி நீள வேண்டும். நான் பார்த்த சாய்வுப் பாதைகள் பல பத்து அடிக்குள் முடிந்துவிடுகின்றன. பியோனின் மோட்டார் சைக்கிள் ஏற அது தாராளம். சில இடங்களில் அதன் மேல் பூச்சட்டி வரிசையாக இருக்கும். யாரோ ஒருவர் தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறார்.

சட்டம் இல்லாமல் இல்லை. வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ், பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோரும் போய்வர வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபர் 17ஆம் திகதி வர்த்தமானியில் வந்தன. அந்தத் திகதியைத் திருகோணமலைக்காரர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். முதல் நாள், 16ஆம் திகதி, வடக்கு கிழக்கு இணைப்புச் செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதே நாள்தான் திகம்பத்தானையில் கடற்படையினரின் பஸ் வண்டிகள் மீது குண்டுத் தாக்குதல். அந்த வாரத்தில் படிக்கட்டைப் பற்றிய வர்த்தமானியை இந்த ஊரில் யார் தேடிப் படித்திருப்பார்கள்? பழைய கட்டடங்களைத் திருத்த மூன்று வருடம் கெடு கொடுத்திருந்தார்கள். கெடு பிறகு நீண்டது.

அதைத் தேடிப் படித்த ஒருவர் கொழும்புப் பக்கத்தில் இருந்தார். கலாநிதி அஜித் பெரேரா இரசாயனவியலாளர், கிரிக்கெட் நடுவரும்கூட. 1992இல் அவர் சென்றுகொண்டிருந்த கார் மீது வீதியோர மரம் ஒன்று விழுந்தது. அதன் பிறகு வாழ்க்கை சக்கர நாற்காலியில். அந்த ஒழுங்குவிதிகளைக் கையில் எடுத்துக்கொண்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனார். புதிதாகக் கட்டும் பொதுக் கட்டடங்களில் இந்த விதிகள் கட்டாயம் என்று 2011 ஏப்ரல் 27ஆம் திகதி கட்டளை வந்தது. அதோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. அதே விடயத்துக்காக மறுபடியும் நீதிமன்றம் ஏறினார். 2020இல் காலமானார். கருணை காட்டுங்கள் என்று அவர் கேட்கவில்லை. கழிப்பறைக் கதவின் அகலத்தைக் கேட்டார், கைப்பிடியைக் கேட்டார். அளவுநாடா வைத்து அளக்கக்கூடியதைக் கேட்டால்தான் தட்டிக் கழிக்க முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார் என்று நினைக்கிறேன்.

வேலை என்று வந்தால் கணக்கு வேறு விதமாகச் சறுக்கும். அரச சேவை வெற்றிடங்களில் 3 சதவீதம் வலுவிழந்தோருக்கு என்று 1988ஆம் ஆண்டின் பொது நிர்வாகச் சுற்றறிக்கை சொல்கிறது. தகைமை இருக்க வேண்டும், இயலாமை வேலைக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. நல்லது. ஒரு திணைக்களத்தில் பத்து வெற்றிடம் என்றால் மூன்று சதவீதம் எத்தனை? பூச்சியம் தசம் மூன்று ஆள். முப்பத்துமூன்று வெற்றிடம் வந்தாலும் ஒரு முழு ஆள் தேறமாட்டார். மாகாணக் கந்தோர்களில் வெற்றிடம் அஞ்சும் பத்துமாகத்தான் விழும். சேர்த்துக் கூட்டிப் பார்க்காமல் ஒவ்வொரு தடவையும் தனித்தனியே வகுத்தால் வாழ்நாள் முழுக்கப் பூச்சியம்தான் வரும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இந்த நாட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 சதவீதத்தினர் ஏதோ ஒரு விதத்தில் இயலாமை உள்ளவர்கள். பதினாறு இலட்சத்துக்கும் மேல்.

பெயர் வைப்பதில் மட்டும் நமக்குக் குறைவில்லை. அங்கவீனர், ஊனமுற்றோர், வலுவிழந்தோர், விசேட தேவையுடையோர், மாற்றுத்திறனாளிகள். டிசம்பர் 3ஆம் திகதி, அவர்களுக்கான சர்வதேச தினம், வந்தால் பதாகையில் எந்தச் சொல்லைப் போடுவது என்று பெரிய விவாதமே நடக்கும். நல்ல சொல் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ‘நொண்டி’, ‘செவிடு’ என்று பட்டப்பெயர் வைத்த தெருவில் வளர்ந்தவன் நான். ஆனால் பதாகை கட்டுகிற மேடைக்கும் படிதான் இருக்கிறது.

2024இல் சுகத் வசந்த டி சில்வா தேசியப் பட்டியல் மூலம் பாராளுமன்றத்துக்குப் போனார். பார்வையற்ற ஒருவர் உறுப்பினராவது இலங்கையில் அதுவே முதல் தடவை. அந்தச் செய்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் என் நண்பர் ஒருவர் தன் கணினியைத் திறந்து காட்டினார். அவரும் பார்வையற்றவர், பட்டதாரி. திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் மென்பொருளைப் பாவிக்கிறார். யூனிகோட்டில் அடித்த தமிழ் என்றால் அது மளமளவென்று வாசித்துவிடும். கந்தோர்களில் இன்னும் பலர் விட்டுப் பிரிய மாட்டாத பாமினி எழுத்துருவில் அடித்திருந்தால் கதை வேறு. கண்ணுக்கு அழகான தமிழ். கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்.

அன்று ஒரு கந்தோரிலிருந்து கடிதம் வந்திருந்தது. நண்பர் அம்புக்குறி விசையை ஒவ்வொன்றாகத் தட்டத் தட்ட, குரல் வாசித்தது: “எஃப்... வை... அரைப்புள்ளி... டி... பி...”

“கல்வி” என்றார் நண்பர்.

நான் எட்டித் திரையைப் பார்த்தேன். ‘கல்வி’ என்றுதான் இருந்தது.

“எப்படி?”

“எஃப் எண்டால் கானா. வை எண்டால் லானா. அரைப்புள்ளி வந்தால் குத்து. டி வானா, பி விசிறி. எல்லாத்தையும் பாடமாக்கி வைச்சிருக்கிறன். அவையள் மாத்தமாட்டினம்தானே.”

கடிதம் இரண்டு பக்கம். தேநீர் வந்து, ஆறி, ஆடை படிந்துவிட்டது. அவர் இரண்டாம் பந்தியில் இருந்தார்.