பைத்தான் 3.10.7 வெளியீடும் 4300 இலக்க வரம்பும்

பைத்தான் 3.10.7 என்பது பைத்தான் நிரலாக்க மொழியின் 3.10 வரிசையில் வந்த ஏழாவது பராமரிப்பு வெளியீடு ஆகும். இது 2022 செப்டம்பர் 6 அன்று வெளியானது. பழைய வரிசைகளுக்கான 3.9.14, 3.8.14, 3.7.14 ஆகிய பாதுகாப்பு வெளியீடுகளும் உடன் வந்தன. பராமரிப்பு வெளியீடுகளைப் பற்றி வெளியில் அதிகம் பேசப்படுவதில்லை. பலர் மாற்றக் குறிப்பைப் படிக்காமலேயே நிறுவிக்கொள்கின்றனர். இந்த வெளியீடு பேசப்பட்டதற்குக் காரணம், நீண்ட முழு எண்களை எழுத்துச் சரமாகவும் எழுத்துச் சரத்தை முழு எண்ணாகவும் மாற்றும்போது 4300 இலக்கம் என்ற வரம்பை அது விதித்ததே. முந்தைய நாள் வரை ஒழுங்காக ஓடிய நிரல், மொழியை இற்றைப்படுத்திய பின் பிழை காட்டி நிற்கக்கூடிய நிலை இதனால் உருவானது.

பதிப்பு எண் சொல்லும் வாக்குறுதி

3.10.7 என்ற எண்ணில் 10 என்பது வசதிப் பதிப்பையும், கடைசியில் உள்ள 7 பராமரிப்பு வெளியீட்டின் வரிசையையும் குறிக்கும். புதிய வசதிகள் ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபரையொட்டி வரும் வசதிப் பதிப்பில் மட்டுமே சேர்க்கப்படும். அதன் பின், அப்போதைய முறைப்படி, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு வழுத்திருத்தங்கள் வந்தன. அதற்கும் பின், பதிப்பு வெளியாகி ஐந்து ஆண்டு முடியும் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் மூல நிரலாக வெளியிடப்படும். விண்டோசுக்கோ மேக் கணினிக்கோ நிறுவிகள் தரப்படா. 2022 செப்டம்பரில் 3.10 வழுத்திருத்தக் கட்டத்திலும், 3.7 முதல் 3.9 வரையிலானவை பாதுகாப்புக் கட்டத்திலும் இருந்தன.

கடைசி எண் மட்டும் மாறினால் பயனரின் நிரல் அப்படியே ஓட வேண்டும் என்பது இந்த முறையின் உட்பொருள். வழங்கிகளைப் பராமரிப்போர் தயக்கமின்றி இற்றைப்படுத்துவது இந்த நம்பிக்கையில்தான்.

சிக்கல் என்ன?

பல மொழிகளில் முழு எண்ணுக்கு 32 பிட் அல்லது 64 பிட் என்ற உச்ச அளவு உண்டு. பைத்தானில் அப்படி இல்லை. நினைவகம் இடம்கொடுக்கும் வரை எண் எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம். உள்ளே அந்த எண் பொதுவாக 30 பிட் கொண்ட துண்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. மனிதர் எழுதும் பதின்ம எண்ணை இந்த வடிவத்துக்கு மாற்ற, சரத்தில் இருந்து சில இலக்கங்களை எடுத்து, அதுவரை சேர்ந்த முழு எண்ணையும் பத்தின் ஓர் அடுக்கால் பெருக்கி, புதிய இலக்கங்களைக் கூட்ட வேண்டும். சரம் நீள நீள, ஒவ்வொரு முறையும் பெருக்கப்படும் எண்ணும் பெரிதாகிக்கொண்டே போகும். ஆகவே இலக்கங்கள் 10 மடங்கானால் வேலை 10 மடங்காவதில்லை, 100 மடங்காகிறது.

சிறிய எண்களில் இது தெரியாது. பைத்தானின் மூல நிரலில் உள்ள குறிப்பின்படி, 4300 இலக்கச் சரத்தை எண்ணாக மாற்ற ஏறத்தாழ 125 மைக்ரோவினாடி ஆகிறது. அதே விகிதத்தில் கணக்கிட்டால் 4,30,000 இலக்கத்துக்கு ஒரு வினாடிக்கு மேலும், 43 லட்சம் இலக்கத்துக்கு இரண்டு நிமிடமும் ஆகும். 4,30,000 இலக்கம் என்பது அரை மெகாபைட்டுக்கும் குறைவு. கைப்பேசியில் எடுத்த ஒரு படம் அதைவிடப் பெரியதாக இருக்கும். இணையச் சேவைக்கு அனுப்பப்படும் ஜேசன் தரவில் இத்தகைய எண் ஒன்றை வைத்தால் போதும், வழங்கி அதை மாற்றுவதிலேயே மூழ்கிவிடும். பைத்தானின் ஒற்றைப் பூட்டு காரணமாக, அதே செயல்முறையின் மற்ற இழைகளும் அதுவரை காத்திருக்க நேரும். இப்படிச் சில கோரிக்கைகளாலேயே சேவையை முடக்க முடியும் என்பதே சிவிஇ-2020-10735 என்ற எண்ணில் பதிவான பாதுகாப்புக் குறைபாடு.

மாற்றம்

3.10.7 முதல், 4300 இலக்கத்தைத் தாண்டும் பதின்ம மாற்றம் 'வேல்யூ எரர்' என்ற பிழையைத் தருகிறது. எண்ணைக் கணக்கிடுவதற்குத் தடை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2-இன் 14284-ஆம் அடுக்கு சரியாக 4300 இலக்கம் கொண்டது. அது திரையில் வரும். 14285-ஆம் அடுக்கையும் பைத்தான் நொடிப்பொழுதில் கணக்கிடும், கூட்டும், வகுக்கும், ஒப்பிடும். அச்சிடச் சொன்னால்தான் பிழை எழும். 1000-இன் தொடர்பெருக்கம் 2568 இலக்கம் என்பதால் தப்பிக்கிறது. 2000-இன் தொடர்பெருக்கம் 5736 இலக்கம் என்பதால் சிக்கிக்கொள்கிறது. பயிற்சிக் கணக்குகளில் மாணவர்கள் இந்த வரம்பை முதலில் சந்திக்கும் இடமும் பெரும்பாலும் இதுவே.

இரண்டு, எட்டு, பதினாறு போன்ற அடிமானங்களுக்கு வரம்பு கிடையாது. அங்கு பிட்டுகளை இடம்மாற்றினாலே போதும். நேரம் சீராகவே கூடும்.

வரம்பை மாற்ற மூன்று வழிகள் தரப்பட்டன. கட்டளை வரியில் ஒரு தெரிவைக் கொடுக்கலாம், சூழல் மாறி ஒன்றை அமைக்கலாம், அல்லது நிரலுக்குள் 'சிஸ்' மாட்யூலில் இதற்கெனச் சேர்க்கப்பட்ட செயற்கூறை அழைக்கலாம். 0 என்று கொடுத்தால் வரம்பு முற்றிலும் நீங்கும். வேறு எண் கொடுப்பதானால் 640-க்குக் குறையக் கூடாது. இந்த 640-க்கு அருகே, யாருக்கும் 640 இலக்கம் போதும் என்ற பொருளில் ஒரு வேடிக்கைக் குறிப்பு மூல நிரலில் எழுதப்பட்டுள்ளது. பழைய ஐபிஎம் கணினிகளின் 640 கிலோபைட் நினைவகத்தைப் பற்றிய பிரபலமான நகைச்சுவையின் எதிரொலி அது.

4300 என்ற எண்ணுக்குப் பின்னால் கணிதத் தத்துவம் எதுவும் இல்லை. இன்றைய கணினிகளில் மிக மெதுவாக இருக்கக் கூடாது. பரவலாகப் பயன்படும் நம்பை நூலகத்தின் அப்போதைய சோதனைகளும் தோற்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் பொருந்தும் எண்ணாக அது தேர்ந்தெடுக்கப்பட்டது என்று அதே மூல நிரல் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது.

எதிர்ப்பு

மாற்றத்தைக் குறைகூறியவர்கள் பெரும்பாலும் பெரிய எண்களோடு பழகியவர்கள். எண்கோட்பாடு, மறையீட்டியல், கணிதக் கல்வி போன்ற துறைகளில் பைத்தான் விரும்பப்படுவதற்கே வரம்பற்ற முழு எண் ஒரு முக்கியக் காரணம். அவர்களது நிரல்கள் இணையத்தில் இருந்து எதையும் வாங்குவதில்லை. ஆயினும் வலைச் சேவைகளுக்கான பாதுகாப்பு அவர்கள் மீதும் இயல்பாகவே விதிக்கப்பட்டது. குறைபாட்டுக்கு 2020-ஆம் ஆண்டு எண் இருக்க, பொது விவாதம் இல்லாமல் 2022-இல் திடீரென மாற்றம் வந்தது ஏன் என்ற கேள்வியும் எழுந்தது.

இந்தக் கேள்வி வலுவானதுதான், ஏனெனில் முன்னுதாரணம் வேறாக இருந்தது. 2011 இறுதியில், அகராதி அமைப்பில் மோதல்களை உண்டாக்கிச் சேவையை முடக்கும் முறை பல மொழிகளில் வெளிப்பட்டது. அதற்கான தற்போக்கு ஹேஷ் முறையைப் பைத்தான் 2012-இல் 2.6.8, 2.7.3, 3.1.5, 3.2.3 ஆகிய பராமரிப்பு வெளியீடுகளில் சேர்த்தது. ஆனால் வேண்டுவோர் மட்டும் இயக்கிக்கொள்ளும்படி விட்டது. அனைவருக்கும் இயல்பாக அது வந்தது 3.3 வசதிப் பதிப்பில்தான். பழைய நிரல்கள் உடையவில்லை. ஆனால் தெரிவை இயக்காத வழங்கிகளுக்குப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை.

2022-இல் முடிவு மறுபக்கம் சாய்ந்தது. தெரிவாக விட்டால், பாதிக்கப்படக்கூடிய சேவைகளை நடத்துவோரில் பெரும்பாலோர் அப்படி ஒன்று இருப்பதையே அறியமாட்டார்கள். பெரிய எண்ணை அச்சிடுவோருக்கோ பிழைச் செய்தி உடனே தெரியும், ஒரு வரியில் தீர்வும் உண்டு. பாதிப்பின் அளவை வைத்துப் பார்த்தால் இந்த முடிவு ஏற்கத்தக்கதே. அறிவிப்பின்றி ஒரு பராமரிப்பு எண்ணுக்குள் அதை நுழைத்த விதத்தை அப்படிச் சொல்வது கடினம்.

பிந்தைய நிலை

2022 அக்டோபரில் வந்த 3.11 பதிப்பிலும் வரம்பு தொடர்ந்தது. 2023-இல் வந்த 3.12 பதிப்பில், மிகப் பெரிய எண்களைப் பாதி பாதியாகப் பிரித்து மாற்றும் வேகமான வழிமுறைகள் சேர்க்கப்பட்டன. வரம்பை நீக்கிக்கொண்டு பல லட்சம் இலக்கங்களை அச்சிடுவோருக்கு இதனால் காத்திருப்பு வெகுவாகக் குறைந்தது. இயல்பான வரம்பு மட்டும் 4300 ஆகவே உள்ளது.

இதே நாளில் வந்த பாதுகாப்பு வெளியீடுகளில் வேறு திருத்தங்களும் இருந்தன. எடுத்துக்காட்டாக, 3.9.14 வெளியீட்டில், முகவரி இரட்டைச் சாய்வுக்கோட்டில் தொடங்கினால் பயனரை வேறு தளத்துக்குத் திருப்பிவிடும் குறை, பைத்தானுடன் வரும் எளிய வலை வழங்கியில் சரிசெய்யப்பட்டது. அதைப் பற்றி யாரும் சர்ச்சை எழுப்பவில்லை.